நுளம்புக் குடித்தொகையும் மலேரியாச் சுரமும்

ஓர் உயிரினத்தின் உறுப்புக்களை அறுத்தும் அளந்தும் பார்த்த அளவில் அதன் வாழ்க்கையை முற்ற அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. மீனின் பூவை ஆராய்பவன் நீரை மறந்து ஆராய்வானாயின், அவ்வுறுப்பு ஏன் அங்ஙனம் அமைந்தது என்பதை அறியான். உயிரும் அது வாழும் இடமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன. இத்தொடர்பினை ஆராயும் துறைக்கு 1866ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் ஏர்ணஸ்ற் ஹெக்கல் ஒரு பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் மனை என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் ஆக்கப்பட்டது. தமிழில் அது சூழலியல் என வழங்குகின்றது. மனையியல் என்றிருப்பின் மூலச் சொல்லுக்கு இன்னும் அணுக்கமாயிருந்திருக்கும்.

சூழலியலின் ஒரு கூறு குடித்தொகை பற்றியது. குடித்தொகை என்றவுடன் மக்களை எண்ணும் கணக்கே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஒரு குளத்திலுள்ள விரால்களுக்கும் ஒரு வயலிலுள்ள எலிகளுக்கும் அச்சொல் உரியதே. ஓரிடத்தில் ஒருங்கு வாழும் ஓரினத்து உயிர்களின் தொகை அது. பிறப்பும் உட்புகுதலும் அதனைக் கூட்டுகின்றன. இறப்பும் வெளியேறுதலும் குறைக்கின்றன. கணக்கு எளியதே. இந்நான்கினையும் ஆட்டுவிப்பது யாது என வினவும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. இதனை விளக்குதற்குத் தூர தேசத்து உதாரணங்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. இலங்கையில் மூன்று தலைமுறையினர் கண்ட மலேரியாச் சுரத்தின் வரலாறே போதிய சான்றாகும்.

இச்சுர வரலாற்றில் முதற்கண் எதிர்ப்படுவது ஒரு முரண்பாடு. இலங்கையின் உலர் வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் மழையோடு வந்தது. வடகீழ்ப் பருவமழை பெய்து குழிகளும் குட்டைகளும் நிரம்பிய பின்னர்ச் சுரம் பரவுதல் அங்கே வழக்கம். தென்மேற்கிலுள்ள ஈர வலயமோ பெரும்பாலும் சுரமற்ற நாடு. மழைதான் சுரத்துக்குக் காரணமாயின், மழை மிகுந்த ஈர வலயத்திலன்றோ சுரம் மிகுந்திருத்தல் வேண்டும்? அங்ஙனமிருக்கவில்லை. அதுமட்டுமன்று. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்து நாடு வரண்டபோதுதான், அச்சுரமற்ற பகுதியின் எல்லையிலே இலங்கை கண்ட கொடிய மலேரியாக் கொள்ளைநோய் எழுந்தது. ஓரிடத்தில் மழையோடு வந்த நோய் மற்றோரிடத்தில் வரட்சியோடு வந்தது. இதற்கு விடை மருத்துவ நூலில் மட்டும் கிடைப்பதன்று. நுளம்பின் மனையை நோக்குவார்க்கே அது புலனாகும்.

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி நுளம்பின் வயிற்றில் வளர்வதை 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தார். எல்லா நுளம்பும் அதனைக் காவுவதில்லை. அனோபிலிஸ் என்னும் சாதியைச் சேர்ந்தவற்றுட் சிலவே காவுகின்றன. இலங்கையில் நெடுங்காலம் இத்தொழிலைச் செய்தது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் இனமாகும். இவ்வினம் முட்டையிடுதற்கு நாடுவது வெயில் படும் தெளிந்த தேங்கு நீர். கலங்கிய சாக்கடையை அது பொதுவாக விரும்புவதில்லை. விரைந்தோடும் ஆற்றில் அதன் குடம்பி நிலைத்திருக்கமாட்டாது. எனவே, ஈர வலயத்து ஆறுகள் கரைமுட்ட ஓடும்வரை அவ்வாறுகளே அங்குள்ள மக்களைக் காத்து நின்றன. ஒவ்வொரு வெள்ளமும் முட்டையையும் குடம்பியையும் வாரிக் கடலிற் சேர்த்தது. மழை பொய்த்து ஆறு மெலிந்தவுடன், மணற்படுக்கையிலும் பாறை இடுக்குகளிலும் எண்ணிறந்த சிறு குட்டைகள் தோன்றின. தெளிந்த நீர், நிறைந்த வெயில், ஓட்டமின்மை என்னும் மூன்றும் ஒருங்கு வாய்த்தன.

இத்தகைய வாய்ப்புக் கிடைத்த நுளம்பு எவ்வளவு பெருகக்கூடும்? ஒரு பெண் நுளம்பு ஒருமுறை ஏறக்குறைய 100 முட்டை இடுவதாகவும், முட்டை குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகிச் சிறகு முளைத்து மீண்டும் முட்டையிடுதற்கு இரண்டு வாரம் செல்வதாகவும், பிறப்பவற்றுட் பாதி பெண் எனவும் கொள்க. ஒன்றும் இறவாதாயின், ஒரு பெண் நுளம்பு இரண்டு வாரத்தில் 50 ஆகும். நான்கு வாரத்தில் 2,500. ஆறு வாரத்தில் 1,25,000. எட்டு வாரத்தில் 62,50,000. தாய் நுளம்பு மீண்டும் மீண்டும் இடும் முட்டைகளை இக்கணக்கிற் சேர்க்கவுமில்லை. உயிர்கள் பெருக்கல் விருத்தியிற் கூடுகின்றன என 1798ஆம் ஆண்டில் மல்தஸ் எழுதியது இதனையே. மல்தஸ் மக்களைப் பற்றியே எழுதினாரெனினும், அவர் கூற்று மக்களைக் காட்டிலும் நுளம்புக்கே மிகப் பொருந்துகின்றது.

எனினும், உலகம் நுளம்பால் மூடப்படவில்லை. காரணம், பெருக்கத்துக்கு எதிராகச் சூழல் ஒரு தடையை இடையறாது இட்டுக்கொண்டிருக்கின்றது. 1838ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ற் இத்தடையைச் சமன்பாட்டில் அமைத்துக் காட்டினார். தொகை சிறிதாயிருக்கும்போது வளர்ச்சி விரைவாகும்; இடமும் உணவும் குறையக் குறைய வளர்ச்சி தளரும்; இறுதியில் இடம் தாங்கக்கூடிய எல்லையை அண்மித்து நிற்கும். வரைபடத்தில் இது எஸ் என்னும் ஆங்கில எழுத்தைச் சாய்த்து எழுதினாற்போலத் தோன்றும். குட்டையொன்றில் குடம்பிகள் நெருங்குமாயின் உணவு போதாமற் சில மடிகின்றன. எஞ்சியவை சிறுத்த நுளம்புகளாகின்றன. தொகை கூடக் கூடக் கடுமையாகும் தடை இது. தும்பியின் இளவுயிர்களும் சிறு மீன்களும் குடம்பிகளைத் தின்று குறைக்கின்றன. ஆற்று வெள்ளமோ வேறு வகைத்து. குடம்பி பத்தாயினும் பத்திலட்சமாயினும் அது பாராது. அனைத்தையும் ஒருசேர வாரிச் செல்லும். பாடநூல்கள் வெர்ஹுல்ஸ்ற்றின் அழகிய வளைகோட்டையே பெரிதும் போற்றுகின்றன. ஆயின் ஈர வலயத்தில் நுளம்பை அடக்கிவைத்தது அவ்வளைகோடு காட்டும் தடையன்று; பாரபட்சமற்ற இவ்வெள்ளமே. அது நின்றபோது ஏனைய தடைகள் தம் தொழிலைத் தொடங்குமுன் நுளம்பு எல்லை கடந்து பெருகிவிட்டது.

1934ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதமளவில் கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களில் வைத்தியசாலைகளை நோக்கிச் சனம் திரளலாயிற்று. மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றை அண்டிய ஊர்களில் சுரம் வீட்டுக்கு வீடு புகுந்தது. அடுத்த ஆண்டு ஏப்பிரில் மாதம் வரையில் இறந்தார் தொகை ஏறத்தாழ 80,000 எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலங்கையின் குடித்தொகை சுமார் 53 இலட்சம் என்பதை நினைவிற் கொண்டால் இவ்விழப்பின் அளவு விளங்கும். வரட்சியால் விளைவு கெட்டு வயிறு காய்ந்திருந்த மக்களையே நோய் முதலிற் கொண்டு சென்றது. இறந்தோருட் குழந்தைகள் பலர். கொயினா மருந்தையும் உணவையும் சுமந்து ஊரூராகச் சென்ற தொண்டர்களிற் சிலர் பின்னர் நாட்டின் அரசியலில் முன்னணிக்கு வந்தனர், கலாநிதி என். எம். பெரேரா அவர்களுள் ஒருவர்.

அதே நுளம்பு, அதே ஒட்டுண்ணி ஆண்டுதோறும் உலாவிய உலர் வலயத்தில் இத்தகைய பேரழிவு நேராதது ஏன்? ஒட்டுண்ணியின் நோக்கிலிருந்து பார்த்தால், மனிதனே அதன் சூழல். மனிதனின் குருதியே அது வாழும் குளம். உலர் வலயத்து மக்கள் இளமை தொட்டுச் சுரத்துக்கு ஆளாகி, பிழைத்தவர் ஓரளவு எதிர்ப்புச் சத்தியைப் பெற்றிருந்தனர். அச்சத்தி இனாமாகக் கிடைத்ததன்று. பல குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது. வயிற்றில் வீங்கிய மண்ணீரலோடு திரிந்த சிறுவர் வன்னிக் கிராமங்களில் வழமையான காட்சியாயிருந்தனர். ஈர வலயத்து எல்லையிலிருந்தோர்க்கு அவ்விலை கேட்கப்படவில்லை. ஆதலின் அக்காப்பும் இல்லை. நெடுநாள் நோயற்றிருந்தமையே அவர்களை நோய்க்கு ஏற்ற நிலமாக்கி வைத்திருந்தது. பண்டை இராசரட்டையின் குளங்களும் நகரங்களும் காடானமைக்கு மலேரியாவே காரணம் எனச் சிலர் எழுதியுள்ளனர். குளம் உடைந்தபின் சுரம் வந்ததா, சுரம் வந்தபின் குளம் உடைந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு; அதனை ஈண்டு விரிக்கவேண்டியதில்லை.

நுளம்பை ஒழித்தாலன்றி மலேரியாவை ஒழித்தல் இயலாது என்றே முதலிற் பலரும் கருதினர். நுளம்பு முழுவதையும் ஒழிப்பதோ ஆகாத காரியம். றொஸ் இக்கருத்தை மறுத்தார். ஒரு நோயாளியிடமிருந்து நுளம்பு வழியாகப் புதிதாக நோயுறுவோர் சராசரி ஒருவருக்கு மேற்பட்டால் நோய் பரவும். ஒருவருக்குக் குறைந்தால் நோய் தானாகவே தேய்ந்து மறையும். எனவே, நுளம்பின் தொகையை ஒரு குறித்த எல்லைக்குக் கீழே கொணர்ந்தாற் போதும். அற்ற இடம் ஆக்கவேண்டியதில்லை என அவர் கணித முறையிற் காட்டினார். மருத்துவர் பலர் அக்காலத்தில் அதனை நம்பவில்லை.

றொஸின் கணிதத்தை 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் மேலும் கூர்மையாக்கினார். நோயாளியின் குருதியை உண்ட நுளம்பு உடனே நோயைப் பரப்புவதில்லை. ஒட்டுண்ணி அதன் உடலில் முதிர்வதற்கு வெப்பநிலைக்கேற்பப் பத்து நாள் அல்லது அதற்குச் சிறிது மேலாகச் செல்லும். அக்காலம் முழுவதும் நுளம்பு உயிரோடிருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு நுளம்பு பிழைக்குமாயின், ஆயிரத்தில் ஏறத்தாழ 349 பத்து நாளைக் கடக்கும். நூற்றுக்கு எழுபது பிழைக்குமாயின் 28 மட்டுமே கடக்கும். நூற்றுக்கு ஐம்பதாயின் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சும். நுளம்பின் தொகையைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகும். அதன் ஆயுளைச் சிறிது குறைத்தாலோ ஆபத்துப் பன்மடங்கு குறைகின்றது. இளம் நுளம்பு எத்தனை கடித்தாலும் தீங்கில்லை. கிழ நுளம்பே அஞ்சத்தக்கது. குலிசிபேசிஸ் மனிதரினும் மாட்டின் குருதியையே பெரிதும் நாடும் என்பதும் நினைக்கத்தக்கது. ஆதலின், இலங்கையில் மலேரியா நிலைபெறுவதற்கு நுளம்பு மிகப் பலவாயிருத்தல் வேண்டும். மனிதனையே தேடிக் கடித்து நெடிது வாழும் ஆபிரிக்க நுளம்புகள் சிலவாயினும் நோய் அங்கே ஆண்டு முழுவதும் நிலைத்து நிற்கின்றது. இலங்கையிலோ அது ஏறுவதும் இறங்குவதுமாய், இடையிடையே கொள்ளைநோயாய்ச் சீறுவதுமாய் இருந்தது.

1945, 1946ஆம் ஆண்டுகளில் டி. டி. ரி. என்னும் மருந்தை வீட்டுச் சுவர்களில் விசிறும் வேலை இலங்கையில் தொடங்கியது. இரத்தம் உண்ட குலிசிபேசிஸ் சுவரிற் சென்று இளைப்பாறும் வழக்கமுடையது. சுவரிலிருந்த மருந்து அதனை முதுமையடைய விடவில்லை. குட்டைகளைத் தொடாமலே நோயின் சங்கிலி அறுந்தது. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாயிருந்த நோயாளர் தொகை 1963இல் 17 ஆகியது. பதினேழு இலட்சமன்று, பதினேழு பேர். அவருள்ளும் பலர் பிற நாட்டில் நோயுற்று வந்தோர். நாட்டின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் டி. டி. ரி.யின் கணக்கிலே சேர்த்தல் சரியா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமைப்படவில்லை. உணவுப் பங்கீடும் வைத்தியசாலைகளும் கல்வியும் அவ்வாண்டுகளில் விரிந்தன. மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்புக் குறைந்தது. மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை என்பதே நடுநிலையான முடிபாகத் தோன்றுகின்றது.

ஓர் உயிரினத்தின் தடை நீங்கினால் அதன் தொகை பெருகும் என்னும் விதி மனிதனுக்கும் உரியதே. 1946இல் 66 இலட்சமளவில் இருந்த இலங்கை மக்கள் 1963இல் 1 கோடி 5 இலட்சத்தைக் கடந்தனர். அறிஞர் சிலர் மல்தஸின் கூற்று மெய்ப்படப்போகின்றதென அஞ்சினர். அஃது அவ்வாறு நிகழவில்லை. பிறந்த பிள்ளைகள் பிழைத்தலையும், பெண்கள் படித்துத் தாழ்த்து மணமுடித்தலையும் தொடர்ந்து பிறப்பு வீதமும் இறங்கியது. 2012ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 2 கோடியைச் சிறிது தாண்டி நின்றது. தடை விதிக்கப்படுமுன் தானே தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆற்றல் நுளம்புக்கு இல்லை.

17 என்னும் எண் ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிட்டது. வென்றாயிற்று எனக் கருதி விசிறல் நிறுத்தப்பட்டது. இரத்தம் சோதித்தலும் ஊரூராய்ச் சென்று சுரக்காரரைத் தேடுதலும் தளர்ந்தன. ஆயின் நுளம்பு ஒழியவில்லை. அதன் ஆயுள் மட்டுமே குறுக்கப்பட்டிருந்தது. ஒட்டுண்ணியும் முற்றாக மறையவில்லை. வைவாக்ஸ் என்னும் வகை மனிதனின் ஈரலில் மாதக்கணக்காக ஒளிந்திருந்து மீண்டும் குருதிக்கு வரக்கூடியது. காட்டினுட் சேனை வெட்டியோரும் இரத்தினக்கல் அகழ்ந்தோரும் விசிறப்படாத குடிசைகளில் உறங்கினர். கல் தோண்டிய குழிகளில் மழைநீர் தேங்கியது. ஓட்டமற்ற தெளிந்த நீர் மீண்டும் கிடைத்தது. எதிர்ப்புச் சத்தியற்ற ஒரு தலைமுறையும் அதற்குள் வளர்ந்திருந்தது. 1969ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். றேச்சல் கார்சன் எழுதிய நூலைப் படித்து டி. டி. ரி.யைக் கைவிட்டதனாலேயே இது நேர்ந்தது எனச் சிலர் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. விசிறல் நின்றது மருந்துக்கு அஞ்சியன்று, வெற்றியை நம்பி.

மீண்டும் டி. டி. ரி.யை எடுத்தபோது அது முன்போல் வேலை செய்யவில்லை. நுளம்பு மருந்துக்குப் பழகிவிட்டது எனப் பொதுவாகச் சொல்வர். அச்சொல் பிழையான எண்ணத்தைத் தருகின்றது. தனி நுளம்பு எதுவும் மருந்துக்குப் பழகுவதில்லை, இறந்துவிடுகின்றது. இலட்சக்கணக்கான நுளம்புகளுள் பிறப்பிலேயே நஞ்சைத் தாங்கும் தன்மையுடையன சில இருந்தன. மருந்து ஏனையவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. போட்டியற்ற குட்டைகளில் இவற்றின் மக்களே நிறைந்தன. குடித்தொகை பழகியது, நுளம்பு பழகவில்லை. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு ஊழிக்காலத்தில் நிகழ்வது என எண்ணுவோர், அது இருபத்தைந்து ஆண்டுக்குள் இலங்கைக் குடிசைச் சுவரில் நிகழ்ந்ததை நோக்குக. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்னும் வேறு மருந்து கொணரப்பட்டது. மகாவலித் திட்டக் குடியேற்றங்களில் 1980களின் பிற்பகுதியில் சுரம் மீண்டும் மூண்டது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெரிதும் வருந்தின.

ஈற்றில் நோய் ஒழிந்தது. ஒரு மருந்தை மட்டும் நம்பாது, மருந்துகளை மாற்றி மாற்றி விசிறியும், மருந்தூட்டிய நுளம்பு வலைகளைக் கொடுத்தும், நடமாடும் குழுக்களால் நோயாளரைத் தேடிச் சிகிச்சை செய்தும், போர் நடந்த பகுதிகளிலும் வேலை நிற்காது பார்த்துக்கொண்டும் இது செய்யப்பட்டது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று பகர்ந்தது. ஒழிந்தது ஒட்டுண்ணியே. குலிசிபேசிஸ் இன்றும் ஆற்றுக் குட்டைகளில் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றது.

சான்று கிடைத்த ஆண்டின் இறுதியில், மன்னாரில் இலங்கைக்குப் புதியதான ஒரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் அவ்வினம் இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. ஆற்றுக் குட்டைக்கு அது காத்திருப்பதில்லை. கிணறு, நீர்த்தொட்டி, மேல்நிலைத் தாங்கி ஆகியவையே அதன் மனை. குலிசிபேசிஸைக் கட்டிப்போட்ட மழையும் வெள்ளமும் இதனைத் தீண்டா. ஆபிரிக்காவிலுள்ள ஜிபூட்டியில் இந்நுளம்பு முதன்முதற் காணப்பட்ட 2012ஆம் ஆண்டில் மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் அத்தொகை 73,000ஐக் கடந்தது. இதற்கு எதிரான ஓர் உதாரணமும் உண்டு. ஆபிரிக்க நுளம்பொன்று கடல் கடந்து பிறேசிலிற் புகுந்து 1938இல் பெருங் கொள்ளைநோயை விளைத்தபோது, பிறெட் சோப்பர் என்பவர் தலைமையில் குட்டை குட்டையாகத் தேடி 1940ஆம் ஆண்டளவில் அதனை அந்நாட்டிலிருந்து அடியோடு அகற்றினர். வந்தேறிய இனம் தொகையிற் சிறுத்து, எஸ் வளைகோட்டின் அடிப்பாகத்தில் நிற்கும்போதே இது கைகூடும்.

ஸ்டீபன்சி மன்னாரோடு நிற்கவில்லை; யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டுள்ளது. ஆறில்லாத குடாநாட்டில் நீர் என்பது கிணற்று நீரே. வளவுக்கு ஒன்றாகவும் தோட்டத்துக்கு ஒன்றாகவும் ஆயிரக்கணக்கான கிணறுகள் திறந்து கிடக்கின்றன. பாவனையற்ற கிணறுகளை மூடுதலும், பாவிக்கும் கிணறுகளிற் குடம்பி தின்னும் சிறு மீன்களை விடுதலும், வெளிநாடு சென்று வந்தவர்க்குச் சுரம் கண்டால் இரத்தம் சோதித்தலும் இப்போது நடைபெறும் வேலைகள். கிணற்றில் விட்ட மீன் குடம்பியைத் தின்று தீர்த்தபின் வேறு உணவின்றி இறப்பதும் உண்டு. அக்கிணற்றில் மறுபடியும் மீன் விடப்படுகின்றதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அவ்வளவின் சொந்தக்காரரே.